நிறம் வந்து சேராத இடம்

பிப்ரவரி இருபத்தைந்து, ஊரையே உலுக்கிய புயல்.
ஏப்ரல் கடைசி நாள், என் அலமாரிக்குள் நான்கு குட்டிகள்.
இடையில் அறுபத்து நான்கு நாள்.
மீன் தொழிற்சாலையில் இரவுமுறை முடித்து
விரலில் வாடை போகாமலே எண்ணிப் பார்த்தேன்.
கணக்கு பிசகவில்லை.

தாய், என் தாரி.
எங்கள் ஃபாரோ மொழியில் கடற்பாசி.
கறுப்பும் செவலையும் அலை ஒதுக்கியதுபோல்
ஒழுங்கில்லாமல் கிடக்கும் அவள்மேல்.
பாதங்கள் மட்டும் வெள்ளை,
பாலை மிதித்துவிட்டு வந்த திருடி.

கிளாக்ஸ்விக்கில் ஆளுக்கொரு தகப்பனைச் சொன்னார்கள்.
பக்கத்து வீட்டு ஓலுவா தன் கறுப்பன்தான் என்று
மார்தட்டாத குறை.
கால்நடை மருத்துவர் சுன்னிவா
தடுப்பூசி ரசீதைத் திருப்பிப் போட்டு
கோடு கிழித்தாள்.

ஆண்குட்டிகளை விடு என்றாள்.
ஒன்று கறுப்பு, ஒன்று செவலை,
இரண்டுமே தாய் கொடுத்தது.
செவலையைச் சுமக்கும் இழை
தகப்பனிடமிருந்து மகனுக்குப் போவதே இல்லை.
மகன்கள் வாய் திறக்க மாட்டார்கள்,
மகள்களைக் கேள்.

ஒருத்தி தாயைப்போலக் கலவை.
கருவிலேயே அவளுடைய ஒவ்வோர் உயிரணுவும்
இரண்டு இழையில் ஒன்றின் வாயைப் பொத்திவிட்டது,
எதை என்று யாரையும் கேட்காமல்.
பொத்தியது பொத்தியதுதான்.
அதனால் நிறம் வரும்,
வரைபடம் வராது.

மற்றவள்தான் சாட்சி.
வெள்ளை போக மீதியெல்லாம் செவலை,
கறுப்பு ஒரு மயிர்கூட இல்லை.
இருபக்கமும் கொடுத்தாலொழிய
பெண்பூனை இப்படிப் பிறக்காது.
ஓலுவாவின் கறுப்பனுக்கு அங்கேயே விடுதலை.
(ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன் இருக்கலாமாம்.
அதை ஓலுவாவிடம் நான் சொல்லவில்லை.)

அப்புறம் அந்த வெள்ளை.
வெள்ளை ஒரு நிறமே இல்லை என்றாள் சுன்னிவா.
முதுகுத்தண்டின் ஓரமாய்ப் புறப்பட்டு
நிறம் விலா வழியே இறங்குகிறது.
வழியில் அதன் கூட்டம் பெருகாவிட்டால்
நெஞ்சு, வயிறு, பாதம்,
கடைக்கோடி ஊர்களெல்லாம் ஆளில்லாமல் கிடக்கும்.
அந்தக் குறையை ஒருவர் கொடுத்தால்
பெரும்பாலும் பாதத்தோடு போகும்.
இருவரும் கொடுத்தால் பாதி உடம்புக்கு மேல் போகும்.
இவளுக்கு முதுகில் ஒரு சேணம்,
காதோரம் இரண்டு பொட்டு,
மற்றதெல்லாம் பனி.

"ஆக, தகப்பன் செவலை. அதுவும் மறை விழுந்த செவலை."
பேனாவை மூடினாள்.
"இந்த ஊரில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை."

நான் பார்த்திருக்கிறேன்.
டிரோண்டுரின் படகில்,
வலைக்குவியல்மேல், வெள்ளை நெஞ்சைக் காட்டிக்கொண்டு.

டிரோண்டுர் என் தம்பி.
அப்பாவின் மேய்ச்சல் சரிவில்
யாருக்கு எத்தனை ஆடு என்று
வக்கீல்கள் வழியாகப் பேசி மூன்று வருடம் ஆகிறது.
படகையும் வேறு தீவுக்கு மாற்றிக்கொண்டான்.

துறைமுக அலுவலகத்தில் பதிவேட்டைக் கேட்டேன்.
புயலுக்கு ஒதுங்கிய படகுகள் மூன்று.
இரண்டாவது அவனுடையது.
வரவு இரவு பதினொன்று, புறப்பாடு காலை ஐந்து.

ஆறு மணி நேரம்.
கூரைப் புல்லைக் காற்று பிய்க்கும் இரவில்
அந்த ஏற்றத்தைப் பூனை ஏறி வந்திருக்கிறது.
தனியாகவா?
அன்று எனக்கு இரவுமுறை,
வீடு பூட்டிக் கிடந்தது.
தட்டினானா, தட்டிவிட்டு நின்றானா,
ரசீதின் பின்பக்கத்தில்
அதற்குக் கோடு இல்லை.

கைபேசியில் நான்கு முறை எழுதி அழித்து
ஐந்தாம் முறை அனுப்பினேன்:
"உன் செவலை ஜீவனாம்சம் தர வேண்டும்.
ஆடுகளைப் பற்றி இல்லை இது."

படித்துவிட்டான் என்று காட்டியது.
பிறகு ஏதோ எழுதுகிறான் என்று காட்டியது.
பிறகு அதுவும் நின்றது.

மடியில் மல்லாந்து தூங்குகிறது குட்டி,
வயிறு முழுக்க வெள்ளை.